ஏற வேண்டிய கோடு, இறங்க வேண்டிய கோடு

கலோரிக் கணக்கு எங்கள் வீட்டுக்குள் இரண்டு முறை வந்தது. முதல் முறை அம்மா கொண்டுவந்தாள், 1980-களின் தொடக்கத்தில். இரண்டாம் முறை என் மகள் கொண்டுவந்தாள், அண்மையில். அம்மாவின் கணக்கில் எட்டிப் பிடிக்க வேண்டிய ஓர் எண் இருந்தது. மகளின் கணக்கில் தாண்டிவிடக் கூடாத ஓர் எண் இருக்கிறது. இடையில் போனது ஒரு தலைமுறைதான். அன்று எடை ஏறவில்லை என்று உருண்டை ஊட்டப்பட்ட குழந்தைகளும், இன்று எடை இறங்கவில்லை என்று இரவுச் சாப்பாட்டை விடுகிறவர்களும் பல வீடுகளில் ஒரே ஆட்கள். எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மேலூருக்கு வடக்கே, கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கடலை, கேழ்வரகு, வரகு. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, முதலில் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது எங்கள் ஒன்றியத்தைத்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதம் தவறாமல் எடை போட வேண்டும். அதற்கு ஊருக்கு ஓர் உள்ளூர்ப் பெண் தேவைப்பட்டது. அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவள், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவள். பயிற்சி கொடுத்து, ஒரு தொங்கு தராசையும் ஒரு கட்டு வளர்ச்சி அட்டைகளையும் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் அவள் பெயர் ‘எடை போடுற அக்கா.’

அட்டையின் அடியில் மாதங்கள், பக்கவாட்டில் கிலோ. ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு ஏறினால் பிள்ளை சரியாக வளர்கிறது. படுத்துக் கிடந்தால் அம்மாவின் முகம் சுருங்கும். இறங்கினால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவாள். பேதியா, காய்ச்சலா, தாய்ப்பால் இருக்கிறதா, வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பாள். எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு உருண்டை. எல்லாருக்கும் கொடுக்காமல், தேறாத பிள்ளையைக் கண்டுபிடித்து, அது தேறும்வரை கொடுத்து, தேறியதும் நிறுத்திக்கொள்வதுதான் அந்தத் திட்டத்தின் சிறப்பு. உருண்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நாலு பேர் பங்கு போட்டுவிடுவார்கள் என்பதால் மையத்திலேயே ஊட்டச் சொல்வாள்.

தராசைக் கண்டு பயப்படாத தாய்மார்கள் அப்போது குறைவு.

“புள்ளையத் தராசுல தூக்குனா எளச்சுப் போயிரும்னு எங்க மாமியா சொல்றாக மதினி.”

“ஏற்கெனவே எளச்சுத்தான் கெடக்கு. எம்புட்டு எளச்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான தேத்தலாம். குடு இங்க.”

கண்ணேறு கழிக்க ஒரு துண்டு வசம்பைப் பிள்ளையின் கையில் கட்டிவிட்டுத் தூக்க அனுமதித்த கிழவிகள் உண்டு. அம்மா அதைத் தடுக்கவே மாட்டாள். எடை தெரிந்தால் போதும் அவளுக்கு. என் சித்தி மகன், எனக்குத் தம்பி முறை, அந்த முதல் வரிசைப் பிள்ளைகளில் ஒருவன். அவனுடைய அட்டையில் கோடு கீழ்ப் பட்டைகளிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை உருண்டைக்குப் பெயர் எழுதப்பட்டவன். அவனுக்கு மூன்று வயது முடிந்தபோது அம்மா அந்த அட்டையைச் சித்தியிடம் காட்டி, கோடு மேலே போயிருப்பதை விரலால் தடவிக் காட்டினாள். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏறுகிற கோட்டைப் படிக்கத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் அரசாங்கமும் கலோரியைக் கீழெல்லையாகத்தான் பார்த்தது. 1971-ல் பொருளாதார அறிஞர்கள் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இந்திய வறுமையைப் பற்றி எழுதியபோது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2250 கலோரி கிடைக்குமா என்பதை அளவுகோலாக வைத்தார்கள். 1979-ல் ஒய்.கே. அலக் தலைமையில் திட்டக்குழு அமைத்த பணிக்குழு கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 என்று வகுத்தது. அந்த அளவு சாப்பாடு கிடைக்கிற செலவைத் தொட முடியாத குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அந்தக் கோட்டின் பெயரில்தான் பல ஆண்டுகள் கடனும் மாடும் வீடும் கொடுக்கப்பட்டன. 2400-ஐ எட்டாத கோடிக்கணக்கானவர்களில் என் அப்பத்தாவும் ஒருத்தி.

அவளுடைய நாளைச் சொல்கிறேன். விடியுமுன் எழுந்து சாணி அள்ளி வாசல் தெளிப்பாள். ஒரு செம்பு நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். மதியத்துக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. தூக்குச்சட்டியில் மீதம் இருந்தால் உண்டு. சாயங்காலம் வந்து உலை வைத்து, ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்தபின் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். மண்ணெண்ணெய் வீணாகக் கூடாது என்று ஏழரைக்கெல்லாம் அரிக்கேன் விளக்கின் திரி இறங்கிவிடும். அதன்பின் மறுநாள் காலைவரை வெறும் வயிறுதான்.

இப்போது சிலர் இதைக் காட்டி, நம் பாட்டிமார் அன்றைக்கே பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று அறிவியல்படி வாழ்ந்தார்கள் என்று பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அப்பத்தா ஏழரைக்குச் சாப்பாட்டை நிறுத்தியதற்குக் காரணம் பானை காலியானதுதான். அவள் பெற்றது ஏழு, தங்கியது நாலு. அவளுக்கு மாலைக்கண் இருந்தது. உச்சி வெயிலில் களை எடுத்துவிட்டு வந்து, உரலில் குத்தி, கிணற்றில் இறைத்து, விறகு சுமந்த உடம்பு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், கடும் உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2720 கலோரி தேவை என்று இருக்கிறது. கூழிலும் வெங்காயத்திலும் அவள் அதில் பாதியைத் தாண்டிய நாட்கள் அறுவடைக் காலத்தில் மட்டுமே இருந்திருக்கும். அவள் மெலிந்திருந்தது உண்மை. அந்த மெலிவை ஆரோக்கியம் என்று சொல்ல, அவளோடு வாழ்ந்தவர்கள் யாரும் துணிய மாட்டார்கள்.

அவளே விரும்பி இருந்த பட்டினியும் உண்டு. ஐப்பசியில் தீபாவளி கழிந்ததும் சஷ்டி விரதம். ஆறு நாளும் ஒருபொழுதுதான். சூரசம்ஹாரத்தன்று தண்ணீரோடு சரி. மறுநாள் பழமுதிர்சோலைக்குப் போய்த் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்துதான் இலை போடுவாள். அந்த ஆறு நாளில் அவள் முகத்தில் இருந்த தெளிவை நான் வேறு நாட்களில் பார்த்ததில்லை. சாப்பாடு இருந்தும் வேண்டாம் என்று சொல்ல முடிந்த நாட்கள் ஆண்டில் அவளுக்கு அவ்வளவுதான். மேலூர்ப் பள்ளிவாசலில் நோன்பு மாதத்தில் சாயங்காலம் வாளியோடு வரிசையில் நின்று கஞ்சி வாங்கிவருவோம். நோன்பு இருந்தவர்களும் இல்லாதவர்களும் அந்த வரிசையில் உண்டு. விரதம் முடிவதை ஊரே சேர்ந்து சாப்பிட்டுக் கொண்டாடிய காட்சி அது. எல்லாரும் ஒன்றாகப் பசித்திருந்து ஒன்றாக உண்டதால்தான் ஏழைகளும் அதைத் தாங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

நாடே சேர்ந்து பட்டினி இருந்த கதையை அம்மா சொல்வாள். 1965-ல் போரும் தானியப் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டை விடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கள் இரவு நகரத்து ஓட்டல்களில் அடுப்பு எரியவில்லை. அம்மா அப்போது பாவாடை தாவணி வயதுப் பெண். பள்ளி வாத்தியார் இதை அறிவித்தபோது பிள்ளைகள் எல்லாரும் கையைத் தூக்கி, நாங்களும் இருப்போம் என்றார்களாம். பெரும்பாலான வீடுகளில் திங்கள் இரவுக்கும் மற்ற இரவுகளுக்கும் வித்தியாசம் இருக்காது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் தூக்கினார்கள். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்டில், தங்கள் பசிக்கும் ஒரு பயன் உண்டு என்று கேட்டது அவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது.

பிறகு அரிசி வந்தது. நான் மதுரைக்கு ஆசிரியை வேலைக்கு வந்து, மகள் பிறந்து, அவள் படித்து முடிப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. 1982-ல் சத்துணவு. 2006-ல் ரேஷனில் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து 20 கிலோ அரிசி விலையில்லாமல். இந்த 20 கிலோவை அம்மாவின் கண்ணால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் அரிசியில் சுமார் 345 கலோரி. ஒரு கார்டுக்கு மாதம் 69,000 கலோரி. நாலு பேர் குடும்பமானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 575. வறுமைக்கோடு கேட்ட 2400-ல் ஏறக்குறைய கால்வாசி, காசு கொடுக்காமல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. இதைச் சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் கூலி என்று பேசுகிறவர்கள் ஒருநாளாவது கண்மாய் வற்றிய ஊரில் உலை வைத்திருக்க வேண்டும்.

அரிசியோடு எண்ணெயும் வந்தது. நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது கடையில் ஒரு சின்னக் கிண்ணத்தை நீட்டி, நாலணாவுக்குக் கடலெண்ணெய் வாங்குவோம். தாளிப்பதற்கு மட்டும். இன்று ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் மலிவு விலைக்குக் கிடைக்கிறது. அதுபோக வெளியில் வாங்குவது தனி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு லிட்டர் தீரும்போது எட்டாயிரத்துக்கும் மேல். சோற்றைக் குறைத்துவிட்டோம் என்று ஆறுதல் அடைகிற வீடுகளில் சாயங்காலம் வடைச்சட்டி அடுப்பில் ஏறுகிறது. என் வீட்டிலும் ஏறியது. அதே நேரத்தில் உடம்பின் செலவு குறைந்தது. அம்மியும் உரலும் மிக்சியாகவும் கிரைண்டராகவும் மாறின, கிணறு குழாயானது, காட்டுப்பாதையில் மினிபஸ் வந்தது. இவற்றில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. அப்பத்தாவின் தோள்பட்டையில் காய்த்துப்போயிருந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதே 2020 பரிந்துரை சொல்வது 1660 கலோரி. அப்பத்தாவுக்குத் தேவைப்பட்டதைவிட எனக்கு ஆயிரம் குறைவு. அவளுக்குக் கிடைத்ததைவிட எனக்குக் கிடைப்பது பல மடங்கு. இந்த இடைவெளியில்தான் இன்றைய தமிழ்நாட்டின் உடம்பு இருக்கிறது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் தேவைக்கு மேல் எடை உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது: நம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. எடை கூடியிருக்கிறது, ரத்தம் ஊறவில்லை. அம்மா ஏற்ற நினைத்த கோட்டில் ஏறியது கலோரி மட்டும்தான். பருப்பும் முட்டையும் கீரையும் அதே வேகத்தில் ஏறவில்லை.

எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மூன்று மாதச் சராசரி 6.2. எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொன்னார். சென்னையில் இருக்கும் மகள் அந்த வார இறுதியிலேயே வந்து, என் கைபேசியில் ஒரு செயலியைப் பதிந்து கொடுத்தாள்.

“அம்மா, காலைல பதினொண்ணுலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும்தான் சாப்பாடு. மத்த நேரம் தண்ணி, சீனி போடாத கடுங்காப்பி. ஒரு நாளைக்கு 1400 தாண்டக் கூடாது.”

செயலியில் ஒரு படம் வரும். அடியில் வாரங்கள், பக்கவாட்டில் கிலோ. புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. அது இறங்கினால் வண்ணக் காகிதம் பறக்கவிட்டுப் பாராட்டுகிறது. முதல் முறை அது பாராட்டியபோது நான் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவள், “இறங்குதே, டாக்டர்ட்ட காட்டுனியா?” என்று பதறினாள். இறங்கத்தான் வேண்டும் என்று அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபின், எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி அது. உருண்டைக்கு 90 நாள் என்று ஒரு முடிவு இருந்தது. தேறியதும் பெயரை அடித்துவிடுவார்கள். செயலி முடிவு எதையும் சொல்வதில்லை.

இந்த முறை எனக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எடை குறைந்தது, சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு உள்ளே வந்தது. ஆனால் எதனால் குறைந்தது என்பதில் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் அதைச் சுற்றித்தான் இன்று ஏராளமான பொய்கள் விற்கப்படுகின்றன. 2012-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சச்சின் பாண்டாவின் குழு எலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒரே அளவு கொழுப்புத் தீனியை நாள் முழுக்கத் தின்ற எலிகள் பெருத்தன. எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை பெருக்கவில்லை. உலகமே இந்த எலிகளைப் பார்த்து மகிழ்ந்தது. மனிதர்களிடம் வந்தபோது கதை அவ்வளவு சுலபமாக இல்லை. 2020-ல் சான்பிரான்சிஸ்கோவில் 116 பேரைக் கொண்டு 12 வாரம் நடந்த ஆய்வில், நேரம் பார்த்துச் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கும் எடை இழப்பில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2022-ல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தார்கள். இரண்டு தரப்புக்கும் கலோரி ஒரே அளவில் குறைக்கப்பட்டது. ஒரு தரப்பு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் சாப்பிட்டது. அவர்கள் இழந்தது சராசரி 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆக, கடிகாரம் எனக்குச் செய்த உதவி, இரவு எட்டு மணிக்கு மேல் தொலைக்காட்சி முன்னால் கை தானாகப் போன முறுக்குச் சம்படத்தை மூடிவைத்தது. குறைந்தது மொத்த அளவு. அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த உதவியே பெரிது.

ஜப்பானிய விஞ்ஞானி பட்டினியால் புற்றுநோய் போகும் என்று கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினார் என்று சொந்தக்காரர்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யோஷினோரி ஓசுமி 2016-ல் பரிசு பெற்றது, செல் தன் பழுதான பகுதிகளைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் வழிமுறையை ஈஸ்ட் செல்களில் கண்டு விளக்கியதற்காக. அரிய கண்டுபிடிப்பு. அதில் புற்றுநோய்க்காரர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. கீமோ சிகிச்சையில் இருப்பவர் இதை நம்பிச் சாப்பாட்டை விட்டால், அந்தச் செய்தியை அனுப்பியவர் அதற்குப் பொறுப்பேற்பாரா?

இன்னோர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் 36 பேரைக் கொண்டு பஞ்சத்தை ஆராய்ந்தார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக. ஆறு மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 1570 கலோரி. வாரம் 22 மைல் நடை. எடையில் கால்பங்கு போனது. அந்த இளைஞர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். அவர்கள் ஒல்லியானவர்கள், நிறைய நடந்தவர்கள். கொழுப்புச் சேர்ந்த என் உடம்போடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பஞ்சத்தை ஆராய ஒரு விஞ்ஞானி தேர்ந்தெடுத்த எண்ணைவிடக் குறைந்த எண்ணை, கல்லூரிப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் தங்களுக்கே விதித்துக்கொள்கிறார்கள். என் வகுப்பிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்தால், எனக்கு அம்மாவின் அட்டைதான் கண்முன் வரும். அவளை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் நான் சாப்பிடப் போகிறேன். பதினொன்றரையோ பன்னிரண்டோ, என் நேரம் தள்ளிப்போனாலும் சரி.

சித்தி மகனுக்கு வருகிறேன். இரண்டு தடவை உருண்டைக்குப் பெயர் எழுதப்பட்ட அந்தப் பிள்ளை இப்போது மேலூரில் கடை வைத்திருக்கிறான். நாற்பதைத் தாண்டுமுன்பே சர்க்கரை வந்துவிட்டது. கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே. என்னைப் பார்த்து அவனும் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினான். ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை இரவில் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குக் குழறி, அவன் மனைவி பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு ஓடினோம். ரத்தச் சர்க்கரை 48-க்கு இறங்கியிருந்தது. கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவர் மருந்தின் அளவை மாற்றாமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒட்ட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“அக்கா, பெரியம்மா எனக்கு உருண்டை ஊட்டி வளத்துச்சு. இப்ப சோத்தைப் பாத்தாலே பயமா இருக்கு,” என்றான் ஆஸ்பத்திரியில்.

அவனுக்கு வந்த நோய்க்கும் அவன் அட்டையில் ஊர்ந்த கோட்டுக்கும் தொடர்பு இருக்கலாம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது கருவில் இருந்தவர்களுக்கு, நடுவயதில் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக வந்தது. புனேயில் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக், அப்பகுதிக் கிராமத்துப் பச்சிளங் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகள் எடை குறைவு, தசை குறைவு. ஆனால் கொழுப்பை மட்டும் காத்து வைத்திருந்தன. கருவிலேயே பஞ்சத்துக்குத் தயாராகி வந்த உடம்பு, பஞ்சம் வராமல் பரோட்டா வந்தால் திணறுகிறது. 2023-ல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். இவர்களைத் தின்றே கெட்டவர்கள் என்று ஏசுவது அநியாயம். இவர்களில் எத்தனை பேரின் தாய்மார்கள் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உருண்டை அவனை உயிரோடு காப்பாற்றியது. அது கிடைக்காத பிள்ளைகள் சிலர் சர்க்கரை வரும் வயதுவரை இருக்கவே இல்லை.

அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. என்னோடுதான் இருக்கிறாள். நான் எடையைக் குறைத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவள் எடையும் குறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு அது கூடாது. முதுமையில் எடை போகும்போது தசையும் சேர்ந்து போகும் என்றும், விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது என்றும் மருத்துவர் எச்சரித்தார். மூன்று வேளை, இரண்டு முட்டை, தயிர், பயறு, இரவில் பால். ஒரே சமையலறையில் ஒருத்திக்கு ஏற வேண்டும், ஒருத்திக்கு இறங்க வேண்டும். ஆனால் ஏழு மணிக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை என்பதால் அவளும் தட்டை எடுப்பதில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகாதவள்.

இந்த ஐப்பசி நெருங்கியதும், “சஷ்டிக்கு இருக்கப் போறேன்த்தா. எங்க மாமியா கடைசி வரைக்கும் இருந்துச்சு,” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பத்தாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. பட்டினி கிடக்க விடவும் முடியாது. இரண்டு நாள் பேசினோம். சோறு இல்லை, முட்டை இல்லை. காலையில் பாசிப்பயற்றுக் கஞ்சி, மதியம் பழமும் தயிரும், சாயங்காலம் இன்னொரு முறை கஞ்சி, சூரசம்ஹாரத்தன்றும் தண்ணீரோடு நிறுத்தாமல் பால் என்று முடிவாயிற்று. முருகன் அதற்கெல்லாம் கோபிக்க மாட்டான் என்று அவளே சொன்னாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: இரவு எட்டரைக்கு அவள் பால் குடிக்கும்போது நானும் கூட உட்கார்ந்து ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். சரி என்றேன். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரையை இந்த ஆறு நாளைக்கு எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவந்து, அடுப்பு மேடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பயற்றை நேற்றே வறுத்து உடைத்தாயிற்று.